1891 சென்சஸில் கொள்ளுத்தாத்தாவின் பெயரை எங்கே தேடுவது?

வடாற்காட்டான்

வணக்கம். இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தவன், முதல் தடவையாக ஒரு இழை தொடங்குகிறேன்.

எங்கள் பூர்வீகம் போளூர் பக்கம். அப்பாவின் தாத்தா முனுசாமி, அதாவது என் கொள்ளுத்தாத்தா, இளவயதில் 'நேட்டால் சீமை'க்கு (இன்றைய தென்னாப்பிரிக்காவில் இருக்கிறது) கரும்புத் தோட்ட வேலைக்குப் போய்த் திரும்பி வந்தவர் என்று வீட்டில் சொல்வார்கள். எந்த வருஷம் போனார், எத்தனை வருஷம் இருந்தார், யாரோடு போனார் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. அவரைக் கண்ணால் பார்த்தவர்களில் இன்று இருப்பது என் அத்தை மட்டும்தான். வயது 78. அவர் ஐந்து வயதுக் குழந்தையாக இருக்கும்போதே பெரியவர் போய்விட்டார். "நெத்தியில ஒரு பள்ளம் இருக்கும், அதுல விரல வெச்சு விளையாடுவேன்." அத்தையிடம் இருக்கும் மொத்த ஞாபகம் இவ்வளவுதான்.

பரணில் ஒரு தகரப் பெட்டிக்குள் 1913ஆம் வருஷத்துக் கிரயப் பத்திரம் கிடைத்தது. மடித்த இடமெல்லாம் கிழிந்து எட்டுத் துண்டாக இருக்கிறது. "சின்னப்பையன் குமாரர் முனுசாமி" என்று பெயர், தொழில் எழுதும் இடத்தில் "சுகஜீவனம்".

என் கேள்வி இதுதான். 1891, 1901 சென்சஸில் எங்கள் ஊரின் வீட்டு வாரிப் பட்டியலை எங்கே பார்க்கலாம்? லண்டனில் இருக்கும் நண்பன் ஒருவன் தான் குடியிருக்கும் வீட்டில் 1881இல் யார் யார் இருந்தார்கள் என்று பத்து நிமிஷத்தில் எடுத்துக் காட்டினான். வயிற்றெரிச்சலாக இருந்தது.

எழும்பூர் வாசகி

வாருங்கள். முதலில் கெட்ட செய்தி: அப்படி ஒரு பட்டியல் இல்லை. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் பத்து வருஷமாகப் போய்வருகிறேன், மாதத்துக்கு ஒருவராவது இதே கேள்வியோடு வந்து வெறுங்கையோடு திரும்புகிறார்.

காப்பகத்தில் இருப்பவை அச்சிட்ட சென்சஸ் அறிக்கைகள். இத்தனை ஆண், இத்தனை பெண், இந்த மதம், இந்தத் தொழில் என்று தாலுகா வாரியாகக் கூட்டுத்தொகைகள். அந்தக் கூட்டுத்தொகைக்குக் கீழே இருந்த வீட்டுப் படிவங்களை எண்ணி முடித்ததும் அப்புறப்படுத்திவிட்டார்கள். 1901 முதல் துண்டுச் சீட்டு முறை வந்தது. ஆளுக்கு ஒரு சீட்டு, மதத்துக்கு ஒரு நிறம், ஆணா பெண்ணா என்பதற்கு ஒரு குறி. சீட்டுகளைப் பிரித்து அறைகளில் போட்டு எண்ணுவார்கள். எண்ணிக்கை ஏட்டில் ஏறியதும் சீட்டுக்கு வேலை முடிந்தது.

ஆக, 1891 சென்சஸில் உங்கள் கொள்ளுத்தாத்தா இருக்கிறார். போளூர் தாலுகா ஆண்கள் என்ற கூட்டுத்தொகையில் ஒரு ஒன்றாக இருக்கிறார்.

சுதந்திரத்துக்குப் பிறகு நடந்த சென்சஸ்களிலும் பெயர் பார்க்க முடியாது. 1948ஆம் ஆண்டு சென்சஸ் சட்டத்தின் 15ஆம் பிரிவு, கணக்கெடுப்புப் பதிவுகளைப் பார்வையிட யாருக்கும் உரிமை இல்லை என்கிறது. கோர்ட்டில் சாட்சியமாகவும் ஏற்கமாட்டார்கள்.

லண்டன் தோசை

> வயிற்றெரிச்சலாக இருந்தது

அந்த நண்பன் நான் இல்லை, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்!

இங்கே நூறு வருஷம் பூட்டி வைத்துவிட்டுத் திறப்பார்கள். 1921 சென்சஸ் 2022 ஜனவரியில் வெளிவந்தது. அடுத்ததற்கு ரொம்ப நாள் காத்திருக்க வேண்டும், ஏனென்றால் இங்கிலாந்து, வேல்ஸின் 1931 படிவங்கள் 1942இல் தீப்பிடித்து எரிந்துபோயின. 1941இல் போர் நடந்ததால் சென்சஸே எடுக்கவில்லை. அவர்களுக்கும் முப்பது வருஷத்துக்கு ஓட்டை இருக்கிறது, பெருமூச்சு விட வேண்டாம்.

வெட்டிப்பேச்சு

தெரியாமல்தான் கேட்கிறேன், கண்டுபிடித்து என்ன செய்யப்போகிறீர்கள்? சொத்து எதுவும் வரப்போகிறதா?

வடாற்காட்டான்

அதிகபட்சம் ஒரு பழைய கடன் வரலாம்.

வாசகி மேடம், நன்றி. அப்படியென்றால் கதை முடிந்ததா?

கிராமக்கணக்கு

தம்பி, கதை இப்போதுதான் தொடங்குகிறது. நான் முப்பத்திரண்டு வருஷம் வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். சென்சஸ் தலையை எண்ணுவதற்கு எடுத்தது, எண்ணினார்கள், விட்டார்கள். வரி, நிலம், கடன் என்று ஒரு காகிதம் எழுதினால் அதைத் தூக்கிப் போடமாட்டார்கள். அங்கே தேடுங்கள்.

உங்கள் கையில் இருக்கும் பத்திரமே ஒரு புதையல். "சுகஜீவனம்" என்று எழுதியிருக்கிறதா? பத்திரம் எழுதுகிறவர் கட்சிக்காரரைப் பார்த்துப் போடும் வார்த்தை அது. ஏர் பிடிப்பவனுக்கு "விவசாயம்" என்று எழுதுவார்கள். கையில் ரொக்கம் வைத்துக்கொண்டு, அன்றைக்கு வேறு வேலை எதுவும் சொல்லாமல் நின்றவருக்கு "சுகஜீவனம்". சீமைக்குப் போய்க் கரும்பு வெட்டியவருக்கு வாழ்க்கையில் அந்த ஒரு நாள்தான் சுகஜீவனமாக இருந்திருக்கும் போல.

பத்திரத்தில் பணம் எப்படி வந்தது என்று ஏதாவது எழுதியிருக்கிறதா, பாருங்கள். பூர்வீகச் சொத்தில் பங்காளிக்குப் பங்கு உண்டு, சுயார்ஜிதத்தில், அதாவது தானே சம்பாதித்ததில், கிடையாது. அதனால் வெளிச்சீமையில் சம்பாதித்தவர்கள் அதைச் சொல்லி எழுதி வைப்பார்கள், நாளைக்கு அண்ணன் தம்பி வந்து வழக்குப் போடக்கூடாது என்று.

சார்பதிவகத்தில் பெயர் வாரியாக ஓர் அட்டவணை, சொத்து வாரியாக ஓர் அட்டவணை என்று இரண்டு இருக்கும். எல்லோரும் சர்வே எண்ணைக் கொடுத்து வில்லங்கம் போடுவார்கள். இணையத்தில் அவ்வளவு பழையது பெரும்பாலும் வராது, நேரில் மனுக் கொடுத்துத் தேடச் சொல்ல வேண்டும். பெயர் அட்டவணையிலும் தேடச் சொல்லுங்கள். அவர் அடகு வைத்தது, மீட்டது எல்லாம் அதில்தான் பிடிபடும்.

அப்புறம் தாலுகா அலுவலகத்தில் பழைய ஆர்.எஸ்.ஆர். அதாவது ரீசெட்டில்மெண்ட் பதிவேடு. எந்த சர்வே எண்ணுக்கு யார் பட்டாதாரர் என்று அதில் இருக்கும். 1979க்குப் பிறகு நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்த யூ.டி.ஆர். திட்டத்தில் பட்டா எண்ணெல்லாம் மாறிவிட்டதால் இன்றைய சிட்டாவை வைத்துக்கொண்டு நேராகப் பின்னால் போக முடியாது. பழைய எண்ணுக்கும் புதிய எண்ணுக்கும் ஒப்பீட்டுப் பட்டியல் கேளுங்கள். "அதெல்லாம் இல்லை" என்று ஒரு தடவை சொல்வார்கள். இரண்டாம் தடவை போங்கள்.

வடாற்காட்டான்

சார், நீங்கள் சொன்னது அப்படியே இருக்கிறது! மூன்றாவது துண்டைத் திருப்பி ஒட்டிப் பார்த்தேன். "...நான் நேட்டால் சீமைக்குப் போய்ச் சம்பாதித்துக்கொண்டு வந்த ரொக்கத்தில் ரூபாய் 240..." இத்தனை வருஷம் அந்தத் துண்டு தலைகீழாக மடிந்து இருந்திருக்கிறது.

மஸ்கெலியா ராஜன்

கிராமக்கணக்கு ஐயா சொன்னதுதான் எங்கட கதையும். இலங்கை மலையகத்தில் எங்கட பாட்டனார் பெயர் வந்த முதல் காகிதம் ஒரு கடன் காகிதம். ஆள் சேர்த்து வேலை வாங்கின பெரிய கங்காணிக்கு இவ்வளவு பாக்கி, அதைக் கட்டினால் தோட்டம் விட்டுப் போகலாம் என்று எழுதின துண்டு. அந்தத் துண்டு முறையை 1921இல் நிறுத்தினார்கள். அவர் கடன்படாத மனிசனாக இருந்திருந்தால் எனக்கு அவரைத் தெரிந்திருக்காது.

இரண்டாவது காகிதம் 1949ஆம் வருடச் சட்டத்தின் கீழ் குடியுரிமை கேட்டுப் போட்ட விண்ணப்பம். எந்தத் தோட்டத்தில் எத்தனை வருடம், மனைவி யார், பிள்ளைகள் எங்கே பிறந்தார்கள் என்று எல்லாம் எழுதவேண்டி வந்தது. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. ஆனால் குடும்ப வரலாறு முழுக்க அந்த நிராகரித்த கோப்பில்தான் இருக்கிறது. சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் எங்கள் சித்தப்பா குடும்பம் இந்தியா போனது, அவர்களுக்கு வேறு காகிதங்கள். நேட்டாலுக்கும் இப்படி ஏதாவது இருக்கத்தான் வேண்டும். ஆளைக் கூலிக்குக் கொண்டுபோனவன் கணக்கு எழுதாமல் விடமாட்டான்.

காரைக்கால் மீனா

சின்னதாக ஒரு இடைச்செருகல். பிரெஞ்சு இந்தியாவில் பூர்வீகம் இருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள். புதுச்சேரி, காரைக்கால் பிறப்பு, திருமணம், இறப்புப் பதிவேடுகளின் பிரதிகள் பிரான்சில் எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரத்து ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன, 19ஆம் நூற்றாண்டுப் பக்கங்களை இணையத்திலேயே இலவசமாகப் புரட்டலாம். என் பாட்டியின் பாட்டி கல்யாணத்தில் சாட்சிக் கையெழுத்து போட்ட நான்கு பேரில் இரண்டு பேர் தமிழில் போட்டிருக்கிறார்கள். போளூருக்கு இது உதவாது, தெரியும். சொல்லாமல் இருக்க முடியவில்லை.

டர்பன் பக்கம்

இந்த இழையை இன்றைக்குத்தான் பார்த்தேன். சொந்த ஊர் திருக்கோவிலூர், வேலைக்காக ஆறு வருஷமாக டர்பனில் இருக்கிறேன். ராஜன் அண்ணன் ஊகித்தது சரி. நேட்டாலுக்கு வந்த ஒவ்வோர் ஆளுக்கும் ஒரு வரி இருக்கிறது.

1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து வந்த 'ட்ரூரோ' முதல் கப்பல். 1911இல் நிறுத்தும்வரை மொத்தம் 1,52,184 பேர். நடுவில் 1866 முதல் 1874 வரை யாரும் வரவில்லை. இறங்கியதும் ஆளுக்கு ஒரு எண் கொடுப்பார்கள், காலனி எண் என்று பெயர். ஒப்பந்தம் மாறினாலும் தோட்டம் மாறினாலும் அந்த எண் மாறாது. அதற்கு நேரே பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாணா (போலீஸ் ஸ்டேஷன் எல்லை), கிராமம், உடம்பில் இருக்கும் அடையாளம், எந்த முதலாளியிடம் அனுப்பினார்கள், கடைசியில் என்ன ஆனார். மூலப் பதிவேடுகள் இங்குள்ள அரசு ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி–லுதுலி ஆவண மையம் அதைக் கணினியில் ஏற்றியிருக்கிறது.

தேடும்போது கவனிக்க வேண்டியது எழுத்து. வெள்ளைக்காரக் குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதியிருக்கிறார். இந்த ஊரில் கவுண்டர் 'கோவெண்டர்' ஆனார், முதலி 'மூட்லி' ஆனார், படையாட்சி 'படையாச்சி' ஆனார், பிள்ளை 'பிள்ளே' ஆனார். முனுசாமி பாதி இடத்தில் 'மூன்சாமி'. முனுசாமியை மட்டும் வைத்துத் தேடினால் ஒரு கப்பல் ஆள் வருவார்கள். தகப்பன் பெயர் சின்னப்பையன் என்பது நல்ல பிடி.

இன்னொன்று. அந்தக் காலத்து வட ஆற்காடு ஜில்லா பெரிது. 1911இல்தான் சித்தூரைத் தனி ஜில்லாவாகப் பிரித்தார்கள். அதற்கு முந்திய வரியில் வட ஆற்காடு என்று இருந்தால் இன்றைய ஆந்திராவாகக்கூட இருக்கலாம். தாலுகாவையும் பார்க்காமல் நம்பாதீர்கள்.

வடாற்காட்டான்

நான்கு நாள் ராத்திரி உட்கார்ந்தேன். மூன்சாமி, முனிசாமி, முன்சமி, மோனிசாமி... எத்தனை விதம்! தகப்பன் பெயர் 'சின்ன பயன்' மாதிரி எழுதியிருந்த நால்வரைப் பிரித்தேன். ஒருவர் செங்கல்பட்டு, ஒருவர் சேலம். மிச்சம் இரண்டு பேர் வட ஆற்காடு. அதில் ஒருவருக்குத்தான் போளூர் என்று இருக்கிறது. கிராமத்தின் பெயரைப் படித்தால் சிரிப்பு வருகிறது, ஆனால் நான்கு தடவை வாய்விட்டுச் சொன்னால் எங்கள் ஊர்ப் பெயர் கேட்கிறது. (ஊரை இங்கே போடவில்லை, மன்னிக்கவும்.)

உம்லாசி என்ற கப்பல், 1902. வயது 22. அடையாளம்: நெற்றியில் இடப்பக்கம் தழும்பு.

அத்தைக்குப் போன் போட்டு எந்தப் பக்கம் பள்ளம் என்று கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "நான் அவர் மடியில எதிர்ல உக்காந்திருப்பேன். என் வலது கைக்கு வரும்" என்றார்.

வெட்டிப்பேச்சு

எதிரே உட்கார்ந்த குழந்தையின் வலது கைக்கு எதிராளியின் இடது பக்கம்தான் வரும், சரி. ஆனால் ஏர் ஓட்டும் ஊரில் நெற்றித் தழும்பு இல்லாத ஆள் யார்? என் தாத்தாவுக்கே இரண்டு இருந்தது. இதை வைத்து முடிவு கட்டாதீர்கள்.

எழும்பூர் வாசகி

முதல் தடவையாக வெட்டிப்பேச்சு சொல்வதோடு ஒத்துப்போகிறேன். தழும்பு துணைக்கு வரும், தனியாக நிற்காது. தகப்பன் பெயர், தாலுகா, ஊர், தழும்பு நான்கும் சேர்ந்தால் கனம் வருகிறது. ஐந்தாவதாக, இந்த ஆள் 1913க்கு முன்னால் திரும்பினாரா என்று தெரிய வேண்டும். கணினியில் ஏற்றியதில் குறிப்புப் பத்தி முழுதாக இருக்காது. மூலப் பக்கத்தின் படம் வேண்டும்.

வடாற்காட்டான்

இன்னொரு குழப்பம். சாதி என்ற பத்தியில் இருப்பது எங்கள் சாதி இல்லை. பத்திரத்தில் இருப்பதும் வேறு.

டர்பன் பக்கம்

அதை வைத்து ஆளை நீக்கிவிடாதீர்கள். கப்பலேறும் முன் ஆட்களைத் தங்க வைத்த டிப்போவில் ஏஜெண்டு சொன்னது, இவர் சொன்னது, குமாஸ்தாவுக்குப் புரிந்தது என்று மூன்று கை மாறி வந்த வார்த்தை அது. எந்தச் சாதிக்காரன் தோட்ட வேலைக்குத் தோதுப்படுவான் என்று ஏஜெண்டுக்கு ஒரு கணக்கு இருந்தது. கப்பலேறினால் ஊர்க்காரன் கண்ணில் படமாட்டோம் என்று சிலருக்கும் ஒரு கணக்கு இருந்தது.

வேலூர் சிங்கம்

எந்தச் சாதி என்று சொன்னால்தானே நாங்கள் உதவ முடியும்? எங்கள் சங்கத்தில்

மட்டுறுத்துநர்

மேலே உள்ள பதிவின் மிச்சமும் அதற்கு வந்த ஒன்பது பதில்களும் நீக்கப்பட்டன. வடாற்காட்டான், பத்திரத்தின் முழுப் படத்தை ஏற்றாதீர்கள். சர்வே எண் தெரிகிறது.

டர்பன் பக்கம்

போன வியாழன் அரை நாள் விடுப்பு எடுத்துக் காப்பகம் போய்வந்தேன். பக்கத்தைக் கையால் தொடும்போது கொஞ்சம் நடுக்கமாகத்தான் இருந்தது. பெரிய அகலமான ஏடு, இரண்டு பக்கமும் சேர்த்து ஒரு வரி ஓடுகிறது. பழுப்பு மை. படம் எடுத்துத் தனிமடலில் அனுப்பியிருக்கிறேன்.

முனுசாமிக்கு நேரே கடைசிப் பத்தியில், 1912இல் இந்தியா திரும்பினார் என்று கப்பல் பெயரோடு இருக்கிறது. வாசகி மேடம் கேட்ட ஐந்தாவது.

இன்னொன்றும் பார்த்தேன். சொல்லலாமா என்று ஒரு நாள் யோசித்தேன். அவருடைய எண்ணுக்கு அடுத்த எண் ஒரு பெண். வயது 18. அதே போளூர் தாலுகா, வேறு கிராமம். இருவரையும் நேட்டாலின் வடக்குக் கடற்கரைப் பக்கம் ஒரே கரும்புத் தோட்டத்துக்கு அனுப்பியிருக்கிறார்கள். அந்தப் பெண்ணின் வரியில் கடைசியில் இருப்பது: இறப்பு, 1907.

அடுத்த எண் என்பதாலேயே மனைவி என்று அர்த்தமில்லை. ஆனால் குடும்பமாக வந்தவர்களை அடுத்தடுத்து எழுதுவதுதான் வழக்கம்.

வடாற்காட்டான்

படம் வந்தது. ரொம்ப நன்றி அண்ணே. பார்த்துக்கொண்டே இருக்கிறேன்.

வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதையில் அவர் தனி ஆளாகப் போனார், திரும்பி வந்து 1914 வாக்கில் எங்கள் கொள்ளுப்பாட்டியைக் கட்டினார். அவ்வளவுதான்.

எழும்பூர் வாசகி

அவசரப்படாதீர்கள். நூறு ஆணுக்கு நாற்பது பெண்ணாவது கப்பலில் போக வேண்டும் என்று விதி இருந்தது. பெண் போதாமல் கப்பல் நின்ற நேரங்களில் டிப்போவிலேயே ஜோடி சேர்த்து எழுதியதும் உண்டு. ஊரில் தாலி கட்டியவளா, டிப்போவில் சேர்ந்தவளா, வெறும் துணையா என்பதை இந்த வரி சொல்லாது. ஆனால் வேறு கிராமம், அதே தாலுகா என்றால் கொடுக்கல் வாங்கல் இருக்கும் தூரம்தான்.

கிராமக்கணக்கு

வருஷக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 1902இல் இறங்கினார். ஒப்பந்தம் ஐந்து வருஷம், 1907இல் முடிகிறது. அந்த அம்மா இறந்ததும் 1907. ஊர் திரும்ப இலவசக் கப்பல் உண்டு என்று படித்திருக்கிறேன். ஆனால் மனிதர் திரும்பவில்லை. இன்னும் ஐந்து வருஷம் கழித்து 1912இல் கிளம்புகிறார். ஐந்தும் ஐந்தும். இரண்டாவது தடவையும் கை நாட்டு வைத்திருக்கிறார் என்றுதான் தோன்றுகிறது. டர்பன் தம்பி, சரியா?

டர்பன் பக்கம்

பொருந்துகிறது சார். 1895ஆம் வருஷச் சட்டத்தில் ஒரு கிடுக்கி இருந்தது. ஒப்பந்தம் முடிந்தபின் ஒன்று ஊர் திரும்ப வேண்டும், அல்லது மறுபடி ஒப்பந்தம் போட வேண்டும். இரண்டும் மாட்டேன் என்று சுதந்திரமாக இருக்க ஆசைப்பட்டால் வருஷத்துக்கு 3 பவுண்டு வரி. 1913இல் காந்தி காலத்து வேலைநிறுத்தம் இதை எதிர்த்தும்தான், 1914இல் எடுத்தார்கள். உங்கள் கொள்ளுத்தாத்தா அதற்குள் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

சம்பளம் முதல் வருஷம் மாதம் 10 ஷில்லிங், வருஷத்துக்கு ஒரு ஷில்லிங் ஏறி ஐந்தாம் வருஷம் 14. சாப்பாட்டுப் படி தனி. 3 பவுண்டு என்றால் 60 ஷில்லிங். ஐந்தாம் வருஷச் சம்பளத்திலேயே நான்கு மாதத்துக்கு மேல் வரிக்குப் போய்விடும்.

லண்டன் தோசை

கணக்குப் போடாமல் தூக்கம் வரவில்லை. முதல் ஐந்து வருஷச் சம்பளத்தை ஒரு நாள் பிடித்தம் இல்லாமல் கூட்டினால் 720 ஷில்லிங், 36 பவுண்டு. அப்போது பவுண்டுக்கு 15 ரூபாய். ஆக 540 ரூபாய். வேலைக்கு வராத நாளுக்கு வெட்டு, கடைக் கடன் எல்லாம் போக, பத்து வருஷம் கழித்து 240 ரூபாய்க்கு நிலம் வாங்கியிருக்கிறார் என்றால் மனிதர் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி இருந்திருக்கிறார்.

வெட்டிப்பேச்சு

சொத்து வருமா என்று கேட்டவன் நான்தான். அந்த நிலம் இன்னும் இருக்கிறதா?

வடாற்காட்டான்

இருக்கிறது. ஒன்றேகால் ஏக்கர் புஞ்சை. மீதி பாகப்பிரிவினையில் போனது. போன வருஷம் மணிலா (வேர்க்கடலை) போட்டோம்.

வாசகி மேடத்திடம் ஒரு யோசனை கேட்க வேண்டும். இதை அத்தையிடம் சொல்வதா வேண்டாமா? தன் பாட்டிக்கு முன்னால் வேறொருத்தி இருந்தாள் என்று 78 வயதில் போய்ச் சொல்வதா?

எழும்பூர் வாசகி

நானாக இருந்தால் சொல்வேன். பெரியவர்கள் தாங்கமாட்டார்கள் என்று நாமாக முடிவு செய்துகொள்கிறோம். பாதி நேரம் அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும், நாம் கேட்காததால் சொல்லாமல் இருப்பார்கள்.

மஸ்கெலியா ராஜன்

சொல்லுங்கோ தம்பி. மெதுவாகச் சொல்லுங்கோ. போனில் வேண்டாம்.

வடாற்காட்டான்

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போய்வந்தேன். அத்தை முற்றத்தில் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். படத்தைக் காட்டி, இது தாத்தா, இது அடுத்த எண் என்று விரலை வைத்துச் சொன்னேன். உரிப்பதை நிறுத்தவே இல்லை.

"அதானே பூவாடைக்காரி" என்றார்.

எங்கள் பக்கத்தில் இல்லாதவர்களுக்கு: வட ஆற்காட்டில் பல வீடுகளில் கல்யாணத்துக்கு முன்னால் பூவாடைக்காரிக்குப் படைப்போம். அந்த வீட்டில் சுமங்கலியாகச் செத்துப்போன பெண் அவள். புதுப்புடவை, பூ, மஞ்சள் வைத்து அவளைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுத்தான் கல்யாண வேலை தொடங்கும். எங்கள் வீட்டிலும் செய்கிறோம், என் கல்யாணத்துக்கும் செய்தார்கள். அது யார் என்று நான் கேட்டதே இல்லை. ஏதோ சாமி என்று நினைத்திருந்தேன்.

அத்தைக்கு அவர் பாட்டி சொன்னதாம்: "இந்த வூட்டுக்கு என்னைக்கும் மூத்தவ ஒருத்தி உண்டு, தண்ணிக்கு அந்தாண்ட செத்தா, நான் அவளுக்கு எளையவ." எங்கள் கொள்ளுப்பாட்டிதான் கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து புடவை வைத்துப் படைத்திருக்கிறார். பெயர் மட்டும் அத்தைக்குத் தெரியவில்லை. "பேர் தெரியாம இத்தினி வருசம் மூத்தவளேன்னு கூப்புட்டோம்" என்றார்.

வெட்டிப்பேச்சு

...சரி. இதற்கு நான் ஒன்றும் சொல்வதற்கில்லை.

எழும்பூர் வாசகி

நான் காப்பகத்தில் தேடுகிறவள். இந்த மாதிரி ஒரு பதிவேடு எந்த ஷெல்ஃபிலும் கிடைக்காது. அத்தை சொன்னதை அவர் குரலிலேயே பதிவு செய்து வையுங்கள், இந்த வாரமே. தேதியும் சொல்லச் சொல்லுங்கள்.

வடாற்காட்டான்

பதிவு செய்துவிட்டேன் மேடம். 40 நிமிஷம். பாதி மொச்சைச் சத்தம்.

ஒரு கடைசி உதவி. தை மாதம் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். இந்தத் தடவை பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும், பெயரை எழுதிக் கொடு என்று அத்தை கேட்கிறார். ஏட்டில் குமாஸ்தா எழுதியதை எழுத்துக்கூட்டினால் ஒரு கோணத்தில் 'பட்சி', இன்னொரு கோணத்தில் 'பட்சை'. தகப்பன் பெயரும் மங்கலாக இருக்கிறது. டர்பன் அண்ணன் இன்னொரு படம் எடுத்து அனுப்பினார், அதிலும் அப்படித்தான். பட்சி என்று பெண்ணுக்குப் பெயர் வைப்பார்களா?

டர்பன் பக்கம்

வேறு பக்கங்களிலும் இதே கையெழுத்து இருக்கிறது. இந்த ஆள் 'ச்ச' வரும் இடத்திலெல்லாம் 'ட்ச' என்றுதான் எழுதுகிறார். பிச்சை என்பதையும் பிட்சை என்று எழுதியிருக்கிறார்.

கிராமக்கணக்கு

அப்படியென்றால் யோசிக்கவே வேண்டாம் தம்பி. போளூர், ஆரணி சுற்றுவட்டாரத்தில் முனுகப்பட்டு பச்சையம்மனுக்கு வேண்டிக்கொண்டு பெற்ற பிள்ளைகள் வீட்டுக்கு ஒன்று இருக்கும். என் பெரியம்மா பெயரும் அதுதான். பச்சையம்மாள்.

வடாற்காட்டான்

அத்தையிடம் படித்துக் காட்டினேன். உள்ளே போய் மளிகைக் கணக்கு நோட்டை எடுத்துவந்து என்னிடம் நீட்டினார். எழுதிக் கொடுத்தேன். "ம்மாள்னு முழுசா எழுது, ம்மான்னு விடாத" என்றார்.